அம்மா என் காலை வைத்து நேர்ந்தது

நேர்ச்சை என்றால் நேர்ந்தவர்தான் நிறைவேற்ற வேண்டும். எங்கள் அம்மா விஷயத்தில் மட்டும் கணக்கு வேறு. 2017-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடி சொன்னாள்: "எனக்கு முழங்கால் தேஞ்சு போச்சு. அதனால உன் காலை வச்சு நேர்ந்துட்டேன். ஏழு வருஷம் வேளாங்கண்ணிக்கு நீ நடக்கணும். உன் வாயும் கையும் அடங்கணும்."

கேட்டு நேர்ந்திருக்கலாமே என்று எகிறினேன். "பாரு, இதுக்குத்தான்" என்று உள்ளே போய்விட்டாள்.

காரணம் இருந்தது. துவாக்குடிப் பக்கம் கேட், கிரில் செய்யும் பட்டறை வைத்திருக்கிறேன். அதற்கு முந்தின வாரம்தான், அளவு தப்பாக வெட்டினான் என்று வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருந்த பையன் மேல் ஸ்பானரை வீசியிருந்தேன். புருவத்தில் பட்டுக் கிழிந்தது. ஒரு விரல் கீழே பட்டிருந்தால் கண். தையல் போட்ட செலவைக் கொடுத்தேன், அந்த வாரமே சம்பளத்தையும் கூட்டினேன். அத்தோடு தீர்ந்தது என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

அந்த ஏழாவது நடை 2025-ல் முடிந்தது. (2020, 2021 இரண்டு வருஷமும் கொரோனாவால் திருவிழாவுக்குப் பக்தர்களை விடவில்லை, அதனால் கணக்கு தள்ளிப்போனது.) முடித்ததை யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் போலிருக்கிறது. அம்மா இருந்திருந்தால் அவளிடம் சொல்லியிருப்பேன். மூன்று நடையைப் பார்த்துவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

முதல் வருஷம் நான் நடந்த லட்சணத்தை மறைக்க விரும்பவில்லை. காவி உடுத்தி, கழுத்தில் செபமாலை போட்டுக்கொண்டு, தஞ்சாவூர் தாண்டுவதற்குள் மூன்று பேரிடம் சண்டை போட்டிருந்தேன். வேளாங்கண்ணி போய்ப் பாவசங்கீர்த்தனத்தில், அதாவது பாதிரியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற இடத்தில், முழந்தாள்படியிட்டு, "கோபப்படுறேன் சாமி" என்றேன். வயதான சாமியார். "எத்தனை தடவை?" என்றார். எண்ணவில்லை என்றேன். "அடுத்த வருஷம் எண்ணிட்டு வா." (பாவசங்கீர்த்தன ரகசியம் சாமியாருக்குத்தான், எனக்கு இல்லை என்பதால் சொல்கிறேன்.)

சரி என்று எண்ண ஆரம்பித்தேன். பட்டறை ஷட்டரின் உள்பக்கம், வாய் தவறிய ஒவ்வொரு முறைக்கும் சாக்குக்கட்டியால் ஒரு கோடு. பகலில் ஷட்டர் மேலே சுருண்டிருக்கும், யார் கண்ணிலும் படாது. ராத்திரி உள்ளே இருந்து கணக்குப் பார்க்க ஷட்டரை இறக்கினால் மொத்தமும் எதிரே வந்து நிற்கும். எதற்கு இந்தக் கோடு என்று யாரிடமும் சொன்னதில்லை.

2018-ல் 63 கோடு கொண்டுபோனேன். அடுத்த வருஷம் குறையும் என்று நினைத்தால் 117. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை செபமாலை, இத்தனை நடை, எல்லாம் எங்கே போகிறது? அந்த வருஷம் வேறு சாமியார். சிரித்துவிட்டார். "பாவம் கூடலப்பா, பார்வை கூடியிருக்கு. முன்னாடி ஸ்பானர் வீசினாத்தான் கோடு. இப்ப முறைச்சுப் பார்த்தாலே கோடு போடற. இனிமே எத்தனைன்னு எண்ணாத. கோபம் வந்ததுக்கும் மன்னிப்பு கேட்டதுக்கும் நடுவுல எவ்வளவு நேரம்னு பாரு."

இந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் மீதி வருஷங்களை ஓட்டினேன். பல்லைப் பிடுங்குகிற மாதிரி கோபத்தை ஆண்டவர் பிடுங்கி எறிவார் என்று காத்திருந்தேன். அவர் அப்படிச் செய்யவே இல்லை. தன் உடம்பில் தைத்த முள்ளை எடுத்துவிடும் என்று கெஞ்சின பவுல் அடிகளுக்கே "என் அருள் உனக்குப் போதும்" என்றுதான் பதில் வந்தது, முள் அப்படியே இருந்தது. எனக்கு மட்டும் ஸ்பெஷலாகவா? ஆனால் முன்பெல்லாம் மனைவியிடம் கத்தினால் மூன்று நாள் பேச்சு இருக்காது. அது ஒரு ராத்திரியானது. பிறகு சாப்பாட்டுக்கு முன்னால் என்றானது. இப்போது சில நாள் டீ ஆறுவதற்குள் போய் நிற்கிறேன். சில நாள்தான்.

கடைசி நடைக்கு ஆகஸ்ட் 24 ராத்திரி பொன்மலையிலிருந்து கிளம்பினோம். மாதா சப்பரம், ஸ்பீக்கர், ஒரு ஜெனரேட்டர், பதினெட்டுப் பேர். அதில் அந்தப் பையனும். அவன் வேதக்காரன் இல்லை, கிறிஸ்தவன் இல்லை. "நானும் வரேண்ணே, சப்பரம் தள்ள ஆள் வேணும்ல" என்று அவனாகவே வந்தான். இப்போது பட்டறையின் தலைமை வெல்டர் அவன்தான்.

ஏறக்குறைய 150 கிலோமீட்டர். வெயிலுக்குப் பயந்து ராத்திரியும் விடியற்காலையும்தான் நடை. அம்மாப்பேட்டை தாண்டி என் இடது காலில் கொப்புளம் உடைந்து ஒட்டிக்கொண்டது. நீடாமங்கலம் வருவதற்குள் சப்பரத்தின் சக்கரம் கழன்றது. நட்டை இறுக்காமல் விட்டவர் எங்கள் ஆள்தான். என் வாயில் வார்த்தை வந்து நின்றது. நின்றது, அவ்வளவுதான், போகவும் இல்லை. நான் தள்ளிப் போய் ரோட்டோரம் உட்கார்ந்து செபமாலையில் பத்து மணி உருட்டிச் செபம் சொன்னேன். திரும்பி வருவதற்குள் பையன் சக்கரத்தை மாட்டியிருந்தான்.

கொரடாச்சேரிப் பக்கம் ஒரு அம்மா குடத்தோடு வாசலில் நின்று, நடக்கிறவர்களுக்கெல்லாம் மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் வீட்டு நிலைக்கு மேல் பிள்ளையார் படம். வருஷா வருஷம் நிற்கிறாராம். இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு மாதா எப்படிக் கைமாறு செய்கிறாளோ, எனக்குத் தெரியவில்லை, கோடி நன்றி.

மோர் குடித்ததும் வேளாங்கண்ணி மாதா கதையில் வருகிற நடுத்திட்டு மோர்ப் பையன் ஞாபகம். நடக்க முடியாத அந்தச் சிறுவன் மாதாவிடம் காலைக் கேட்கவே இல்லையே. குழந்தைக்குக் கொஞ்சம் மோர் கேட்டாள், கொடுத்தான். நாகப்பட்டினத்துப் பெரியவரிடம் போய்ச் சொல் என்றாள், கிளம்பிவிட்டான். கால் சரியானது அவனுக்கே தெரியாது, ஓடினபிறகுதான் தெரிந்தது. சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. கீழ்வேளூர் ரோட்டில் கொப்புளத்தோடு நொண்டிக்கொண்டு போகும்போதுதான் அது எனக்குச் சொன்ன கதை என்று பட்டது.

வேளாங்கண்ணி வந்ததும் எரிச்சல் ஆரம்பம். போனிலேயே முன்பணம் வாங்கிக்கொண்ட ரூம் புரோக்கர், "இன்னைக்கு ரூம் இல்லை சார், நாளைக்குப் பார்க்கலாம்" என்கிறார். மெழுகுவர்த்திக்காரர்கள் கையைப் பிடித்துத் திணிக்கிறார்கள். மாதாவுக்கு முடி கொடுக்க வந்தவனிடம் கத்திக்குத் தனியாக, சந்தனத்துக்குத் தனியாகக் காசு. மாதாவே, உன் வாசலில்தான் என்னைச் சோதிக்கணுமா? 28-ந் தேதி ராத்திரி பதினெட்டுப் பேரும் மணலில் பாய் விரித்துப் படுத்தோம். கடல் காற்று அருமையாக இருந்தது, ரூமில் கிடைத்திருக்காது.

காலையில் மாதா குளத்துக்குப் போகும் மணல் பாதையில் முழங்காலில் போனேன். அம்மாவின் தேய்ந்த முழங்காலுக்குப் பதிலாக. அதைப் பற்றி அதிகம் சொல்ல வரவில்லை.

அப்புறம் பேராலய வரிசை. இரண்டரை மணி நேரம். மலையாளம், தெலுங்கு, கொங்கணி எல்லாம் காதில் விழுகிறது. ஒரு குழந்தை என் தோளில் தலை வைத்துத் தூங்குகிறது, யார் குழந்தை என்று தெரியவில்லை. மாதாவிடம் சொல்ல ஏழு வருஷத்துப் பேச்சு தயார் செய்து வைத்திருந்தேன். அம்மா பெயர், மனைவி, கடன், மகள் படிப்பு, எல்லாம் வரிசையாக.

முன்னால் வந்து நின்றேன். பட்டுப்புடவையில் மாதா, கையில் பாலன். நிமிர்ந்து பார்க்கிறேன், தயார் செய்தது ஒன்றுமே நினைவில் இல்லை. பக்கத்தில் நின்றவனின் புருவம்தான் தெரிகிறது. ரோமம் முளைக்காத அந்த அரை அங்குலக் கோடு.

ஷட்டரில் எத்தனையோ கோடு போட்டேன். முதல் கோடு அவன் முகத்தில்தான் இருக்கிறது, அதற்கு இன்றுவரை நான் வாயைத் திறக்கவில்லை. காசுதான் கொடுத்தேன். ஞாயிறு தவறாமல் "ஒரு வார்த்தை மட்டும் சொல்லியருளும்" என்று நற்கருணைக்கு முன்னால் கேட்கிற வாய் இது. அவனும் எட்டு வருஷமாக ஒரு வார்த்தைக்குக் காத்திருந்தானோ என்னவோ. காணிக்கையைப் பீடத்தின்முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போ என்று ஆண்டவர் சொன்னார். இங்கே போகக்கூட வேண்டாம், தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கிறான்.

"தம்பி, அன்னைக்கு அந்த ஸ்பானர்..." என்றேன்.

"என்னண்ணே? கேக்கலை."

தொண்டர் முதுகில் கை வைத்து, "நகருங்க, நகருங்க" என்கிறார். பின்னால் இருந்து ஒரே தள்ளு.

"மன்னிச்சுக்கடா!" என்று கத்தினேன். ஆமாம், மாதா சந்நிதியில் தொண்டை கிழியக் கத்தினேன். நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். தொண்டர் தன்னிடம்தான் சொல்கிறேன் என்று நினைத்து, "பரவாயில்லைங்க, நகருங்க" என்றார். பையன் ஒன்றும் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக் கூட்டத்திலிருந்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தான். வெளியே வந்த பிறகும் விடவில்லை.

சாயங்காலம் கொடியேற்றம், வாணவேடிக்கை, "மரியே வாழ்க" என்று எழுந்த சத்தம் எதையும் ஒழுங்காகச் சொல்ல என்னால் முடியாது. கண்ணில் நீர் நிறைந்து கொடி கலங்கித்தான் தெரிந்தது. ஆண்டவரே நன்றி. மாதாவே, உன் மகனிடம் எனக்காகப் பேசினதற்கு நன்றி. என் காலை அடகு வைத்த எங்கள் அம்மாவுக்கு நன்றி. ரூம் தராத அந்தப் புரோக்கருக்கும் போனால் போகிறது, நன்றி.

ராத்திரி மணலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தேன். பையன் மாதா எண்ணெய் பாட்டிலைத் திறந்து என் முழங்கால் சிராய்ப்பில் தடவினான். தீயாக எரிந்தது.

"மெதுவாடா, அறிவிருக்கா!" என்று என்னையும் மீறி வந்துவிட்டது.

அவன் கையை நிறுத்தவில்லை. "ஊருக்குப் போனதும் ஷட்டர்ல ஒரு கோடுண்ணே" என்றான்.