பச்சிளங்குழந்தையின் கண்ணில் சிவப்பு ஒளி

கண்ணுக்குள் ஒளி பாய்ச்சி, கண்மணி வழியே திரும்பி வரும் ஒளியைப் பார்ப்பது, பிறந்த குழந்தையை வீட்டுக்கு அனுப்பும் முன் செய்தே ஆகவேண்டிய சோதனை. அறையை மங்கலாக்கி, ஆப்தால்மோஸ்கோப் (கண்ணின் உட்புறம் பார்க்க உதவும் ஒளிக்கருவி) லென்ஸைப் பூஜ்ஜியத்தில் வைத்து, சுமார் 45 செ.மீ. தள்ளி நின்று இரு கண்களிலும் ஒருசேர ஒளி விழச் செய்யுங்கள். இமையை விரலால் பிரித்தால் குழந்தை அழுது இன்னும் இறுக்கிக்கொள்ளும். பசியாறிய பின் நிமிர்த்திப் பிடித்தால் பெரும்பாலும் தானே திறக்கும்.

கண் நலமாக இருந்தால் கண்மணியில் செம்மஞ்சள் ஒளி தெரியும். கருநிறக் குழந்தைகளுக்கு அது வெளிறியிருப்பது இயல்புதான். நிறத்தைவிட, இரண்டும் ஒன்றுபோல் இருக்கிறதா என்பதே முக்கியம். வெண்மை தெரிந்தால் கண்புரையாகவோ விழித்திரைப் புற்றாகவோ இருக்கலாம். தயவுசெய்து ‘அடுத்த மாதம் பார்ப்போம்’ என்று விடாதீர்கள். ஒற்றைக்கண் புரையில் 6 வாரம் தாண்டினாலே பார்வை மீள்வது கடினமாகிவிடும்.

குறைமாதக் குழந்தைக்கு இது போதாது. சொட்டுமருந்தால் கண்மணியை விரித்து, விழித்திரையின் ஓரம்வரை பார்க்க வேண்டும்.