டிடெக்டர் வாய்மொழித் தேர்வு: முதல் எலக்ட்ரான் எங்கே பிறந்தது?

துகள்களைப் பதிவு செய்யும் டிடெக்டர்கள் பற்றிய வாய்மொழித் தேர்வின் முடிவு நேற்று வந்தது, தேறிவிட்டேன். இது இரண்டாவது முயற்சி. முதல் தடவை என்னைக் கவிழ்த்தது ஒரே ஒரு கேள்வி. அதனால் அதைப் பற்றித்தான் அதிகம் சொல்வேன்.

"ஆர்கான் வாயு நிரம்பிய 3 மில்லிமீட்டர் இடைவெளியை ஒரு மியூவான் (எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் கனமான துகள்) கடக்கிறது. எந்த நேரத்தில் கடந்தது என்பதை எவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடியும்?"

நான் உடனே டிஃப்யூஷனில், அதாவது எலக்ட்ரான்கள் வாயுவில் சிதறிப் பரவுவதில், இறங்கினேன். பலகை நிறையச் சமன்பாடுகள். பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்த தேர்வாளர், "முதல் எலக்ட்ரான் எங்கே பிறந்தது?" என்றார். என்னிடம் பதில் இல்லை. அதற்கு மேல் எதைக் கேட்டும் வாய் வரவில்லை.

விஷயம் இவ்வளவுதான். ஆர்கானில் வேகமான துகள் சென்டிமீட்டருக்குச் சுமார் 30 இடங்களில்தான் அயனியாக்கம் செய்கிறது, அதாவது அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிரிக்கிறது. வலுவான மின்புலத்தில் எலக்ட்ரான்கள் பல மடங்கு பெருகும் பெருக்கப் பகுதிக்கு மிக அருகில் உள்ள எலக்ட்ரான் சராசரியாக 0.3 மில்லிமீட்டர் தள்ளிப் பிறக்கும், அந்தத் தூரமும் ஒவ்வொரு தடவையும் மாறும். நானோசெகண்டுக்கு 0.05 மில்லிமீட்டர் நகர்வு வேகம் என்று வைத்தால் ஆறேழு நானோசெகண்ட் தடுமாற்றம். எவ்வளவு நல்ல எலக்ட்ரானிக்ஸ் போட்டாலும் இது போகாது.

இதைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தானாக வரும். எனக்கு மனப்பாடம் ஏறாது, படம் போட்டுத்தான் படித்தேன். ஒவ்வொரு டிடெக்டருக்கும் இடைவெளியை வரைந்து முதல் எலக்ட்ரானுக்கு ஒரு புள்ளி வையுங்கள்.

- எம்ஆர்பிசி (மின்தடைத் தகடுகளுக்கு இடையே பல மெல்லிய வாயு இடைவெளிகள் கொண்ட டிடெக்டர்): மின்புலம் இடைவெளி முழுக்க வலுவாக இருக்கும், எலக்ட்ரான் பிறந்த இடத்திலேயே பெருகத் தொடங்கும், நகர்ந்து வரக் காத்திருக்க வேண்டாம். செர்ன் ஆய்வகத்தின் ஆலிஸ் பரிசோதனையில் 250 மைக்ரோமீட்டர் இடைவெளிகள் பத்து, துல்லியம் சுமார் 50 பிகோசெகண்ட் (ஆயிரம் பிகோசெகண்ட் ஒரு நானோசெகண்ட்).
- பிகோசெக் மைக்ரோமெகாஸ் (மெல்லிய வலைக்கு அருகில் எலக்ட்ரான்களைப் பெருக்கும் வாயு டிடெக்டர்): முதல் எலக்ட்ரானுக்கு வாயு அயனியாக்கத்தை நம்புவதே இல்லை. வேகமான துகள் ஒரு படிகத்தைக் கடக்கும்போது எழும் செரன்கோவ் ஒளி, ஒளி பட்டால் எலக்ட்ரானை உமிழும் ஃபோட்டோகேத்தோடில் விழ, எல்லா எலக்ட்ரான்களும் ஒரே பரப்பில், ஒரே கணத்தில் கிளம்பும். எனக்கு மிகவும் பிடித்த யோசனை இதுதான்.
- நேரத்தை அளக்கும்போது: மின் துடிப்பு ஒரு நிலையான உயர வரம்பைத் தாண்டும் நேரத்தை எடுத்தால், சிறிய துடிப்பு தாமதமாக வந்ததுபோல் தெரியும். துடிப்பின் உயரத்தில் ஒரு குறிப்பிட்ட பங்கைத் தொடும் நேரத்தை எடுங்கள்.
- ஒரே மாதிரி இரண்டு டிடெக்டர்களின் நேர வித்தியாசம் 70 பிகோசெகண்ட் பரவினால், ஒன்றின் துல்லியம் 50. இரண்டின் வர்க்கமூலத்தால் வகுக்க மறக்காதீர்கள்.

சரி, இந்தத் தடவை என்ன கேட்டார்கள்? பிகோசெக்கில் ஒற்றை ஃபோட்டோ எலக்ட்ரானுக்கு (ஒளியால் வெளிவந்த எலக்ட்ரான்) துல்லியம் 76 பிகோசெகண்ட், மியூவானுக்கு மட்டும் எப்படி 24 என்றார்கள். படம் போட்டேன், ஒரு மியூவான் கிளப்பும் சுமார் பத்து எலக்ட்ரான்களுக்கு ஃபோட்டோகேத்தோடில் பத்துப் புள்ளிகள் வைத்தேன், 76-ஐப் பத்தின் வர்க்கமூலத்தால் வகுத்தேன்.