றம்பொடை இறக்கமும் பஞ்சுபோலான பிரேக்கும்

நேற்று நுவரெலியாவிலிருந்து புசல்லாவைப் பக்கம் இறங்கும்போது, றம்பொடை வளைவுகளில் மடக்குக் கூரை கொண்ட என் சிறிய கார் மஸ்தா எம்எக்ஸ்-5இன் பிரேக் மிதி பஞ்சுபோல அமுங்கியது. நெஞ்சு அடைத்துப்போனது. இரண்டாம் கியருக்கு மாற்றி, ஒரு தேநீர்க் கடையோரம் நிறுத்திச் சூடு ஆறவிட்டேன்.

காரணம் பழைய பிரேக் ஒயில். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். டொட் 4 தர ஒயில் புதிதாக இருந்தால் 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறினால், இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடிக்கும் சூட்டில் 155 பாகையிலேயே கொதிக்கலாம். குழாய்க்குள் ஆவிக்குமிழிகள் உண்டாகும். மிதித்தால் குமிழிதான் அமுங்கும், கார் நிற்காது. சமதரையில் தெரியாத இந்தக் குறையை எங்கள் மலை ஒரே இறக்கத்தில் காட்டிவிடுகிறது.

இன்று தம்பி மிதிக்க, புது ஒயிலை ஊற்றியபடி, மிதியிலிருந்து மிகத் தூரமான சக்கரத்தில் தொடங்கி நான்கிலும் பழையதை வடித்தேன். சாயத் தேநீர்போலக் கறுத்து வந்தது! தெளியும்வரை விடவில்லை.

“அண்ணா, இப்போது கல்லுப்போல இருக்கிறது” என்றான். எவ்வளவு நிம்மதி!

மடக்குக் கூரையின் வடிகால் துளைகளையும் சுத்தம் செய்தேன். அவை அடைத்தால் மழைநீர் கதவுக்குக் கீழேயுள்ள உடற்சட்டத்தில் தேங்கி, உள்ளிருந்தே துருப்பிடிக்கும்.

எஞ்சின் வலுவைக் கூட்ட டர்போ பூட்டச் சொல்லும் நண்பர்களே, மன்னியுங்கள். அடுத்த மாதச் சம்பளம் புதிய பிரேக் பட்டைகளுக்குத்தான்.