அவருடைய வண்டி

2009 ஜனவரியில் காசாவிலிருந்து எனக்கு வந்த ஒரு மின்னஞ்சலின் இரண்டு வரிகளை இன்றுவரை என்னால் முழுதாக மறுக்கவும் முடியவில்லை, முழுதாக ஏற்கவும் முடியவில்லை. "அந்தப் பெண் என் வண்டியில் வந்தார். நான் அவருடைய வண்டியை ஓட்டியதாக நீங்கள் எழுதியிருக்கிறீர்கள்."

எழுதியவர் ஆம்புலன்ஸ் ஓட்டுநர். ஒரே இரவைப் பற்றி எங்கள் பத்திரிகை மேசைக்கு இரண்டு குறிப்புகள் வந்திருந்தன: ஒன்று அவருடையது, மற்றொன்று அவருக்குப் பக்கத்து இருக்கையில் அமர்ந்து சென்ற ஐரோப்பியச் செயற்பாட்டாளருடையது. காசாமீது போர் நடத்திய இஸ்ரேல் வெளிநாட்டுச் செய்தியாளர்களை உள்ளே விடாத வாரங்கள் அவை. காசா மீதான முற்றுகையை மீறி 2008 ஆகஸ்டில் தொடங்கிய படகுப் பயணங்களில் அங்கே போய்ச் சேர்ந்தவர்களில் சிலர் எழுதி அனுப்பியவைதான் எங்களுக்குக் கண்கள் என்று அப்போது பேசிக்கொண்டோம். காசாவிலேயே பிறந்த செய்தியாளர்கள் அத்தனை பேர் அங்கே இருக்கும்போது எப்படி அந்தச் சொல் வாயில் வந்தது என்பது இதை எழுதும்போதுதான் உறைக்கிறது.

நான் அந்தப் பெண்ணின் குறிப்பை எடுத்தேன். அதில் நேரமும் தெருவும் தெளிவாக இருந்தன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஓட்டுநரின் குறிப்பிலும் அவை இருந்தன, ஆனால் அடிபட்டவரின் குடும்பத்தை அறிமுகப்படுத்திய பிறகே வந்தன. அவர் ஒரு தரப்பைச் சேர்ந்தவர் என்ற தயக்கமும் இருந்தது. அந்தப் பெண்ணோ தன்னைப் பாலஸ்தீன ஆதரவாளர் என்று வெளிப்படையாகவே அறிவித்துக்கொண்டவர். அவருடைய சார்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அச்சுக்குப் போன பிரதியில் அவர் 'கண்டார்', ஓட்டுநர் 'உறுதிப்படுத்தினார்'.

இதைவிட என்னை உறுத்துவது அந்தப் பெண்ணின் குறிப்பிலிருந்து நான் வெட்டிய பத்தி. தான் ஏன் முன்னிருக்கையில் உட்கார்ந்தார் என்பதை அவரே அதில் விளக்கியிருந்தார்: தன் வெள்ளை முகம் தெரிந்தால் படையினர் சுடத் தயங்குவார்கள் என்ற கணக்கு. பக்கத்தில் இருப்பவரின் உயிருக்கு மதிப்புக் குறைவு என்பதை ஒப்புக்கொண்டால் மட்டுமே பலிக்கும் கணக்கு அது, அந்த நம்பிக்கையைக் கடன் வாங்கித்தான் நான் உதவுகிறேன் என்றும் எழுதியிருந்தார். அந்தக் கணக்கு எப்போதும் பலித்ததும் இல்லை. 2003 மார்ச் 16 அன்று காசாவின் ரஃபாவில் இஸ்ரேலியப் படையின் புல்டோசர் முன் நின்ற 23 வயது அமெரிக்கச் செயற்பாட்டாளர் ரேச்சல் கோரி கொல்லப்பட்டார். அடுத்த மாதமே அதே ஊரில் பிரிட்டனைச் சேர்ந்த செயற்பாட்டாளர் டாம் ஹர்ன்டால் தலையில் சுடப்பட்டு, 2004 ஜனவரியில் இறந்தார். ஹர்ன்டாலைச் சுட்ட சிப்பாய்க்கு எட்டாண்டுச் சிறை கிடைத்தது, அதுவும் குடும்பம் விடாமல் போராடிய பிறகு. மேலைநாட்டுக் கடவுச்சீட்டு இல்லாத குடும்பங்கள் தண்டனை என்ற இடம்வரை போவதே அரிது.

அந்தப் பத்தி கட்டுரையை அவரைப் பற்றியதாகத் திருப்பிவிடும் என்று நினைத்துத்தான் வெட்டினேன். அது தவறான நினைப்பு என்று இப்போதும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது; தன் சலுகையை ஒப்புக்கொள்வதும் மேடையின் நடுவில் நிற்க ஒரு வழிதான். ஆனால் வெட்டிய பின் மிஞ்சியது, காரணம் சொல்லப்படாத ஒரு முன்னிருக்கையும் அதில் ஒரு துணிச்சலான வெள்ளைக்காரப் பெண்ணும் மட்டுமே.

இதில் நான் அறியாமையைக் காரணம் காட்ட முடியாது. 2008 செப்டம்பரில் இலங்கையில் போர் நடந்த வன்னியை விட்டு ஐ.நா. பணியாளர்கள் வெளியேறியபோது, போகாதீர்கள் என்று கிளிநொச்சியில் அவர்கள் அலுவலக வாசலில் மக்கள் மன்றாடியது எனக்குத் தெரியும். காசாக் குறிப்புகள் வந்த அதே ஜனவரியில் வன்னி மருத்துவர்கள் தொலைபேசியில் சொன்ன எண்ணிக்கைகளுக்குப் பக்கத்தில் 'சுயாதீனமாக உறுதிப்படுத்த இயலவில்லை' என்று எல்லா இடங்களிலும் போட்டார்கள். அதைப் பார்த்து நான் கொதித்தேன். கொதித்த கையோடுதான் ஓட்டுநரின் குறிப்பை ஒரு வரியாகச் சுருக்கினேன்.

அவருடைய மின்னஞ்சலுக்கு இடப் பற்றாக்குறை என்று பதில் எழுதினேன். மூன்று நாள் கழித்து இன்னொரு குறிப்பு அனுப்பினார். அதை முழுதாக, அவர் பெயரிலேயே வெளியிட்டோம். முதல் பத்தியின் முடிவில் 'என்று அவர் தெரிவித்தார்' என்று சேர்த்ததும் நான்தான்.