குருவிபோல் கீச்சிட்ட டிரான்ஸ்மிட்டர்

மூத்த அமெச்சூர் வானொலி நண்பர் ஒருவர் வீடு மாறும்போது என்னிடம் கொடுத்துவிட்டுப் போன 1960-களின் வால்வு (கண்ணாடிக் குழல்) டிரான்ஸ்மிட்டரை இவ்வாண்டுதான் மேசைக்குக் கொண்டுவந்தேன். முதல் மோர்ஸ் தொடர்பு முடிந்ததுமே ஜொகூர் நண்பர் தொலைபேசியில் அழைத்து, "தம்பி, உங்க சிக்னல் குருவி மாதிரி கீச்சிடுது, நடுவுல தாவியும் ஓடுது" என்றார். அன்றே ஆண்டெனாவைக் கழற்றிவிட்டு, சிக்னலை வெளியே விடாமல் வெப்பமாக்கிவிடும் டம்மி லோடை மாட்டினேன்.

சிங்கப்பூர் வெக்கைதான் காரணம் என்று நானாக முடிவுகட்டி, அதிர்வெண்ணை உருவாக்கும் ஆசிலேட்டரின் இரண்டு கெப்பாசிட்டர்களை மாற்றியது வீண் வேலை. அதன்பின் அதிர்வெண் அளவியை இணைத்து நிமிடத்துக்கு ஒருமுறை குறித்து வந்தபோதுதான், ஒரே கோளாறு என்று நான் நினைத்தது உண்மையில் மூன்று என்று தெரிந்தது.

கீச்சொலி, மோர்ஸ் தட்டும் கீயை அழுத்தும் கணத்தில் மட்டுமே வந்தது. ஆசிலேட்டருக்கு நிலையான 150 வோல்ட் தரவேண்டிய 0ஏ2 வால்வின் ஒளி அதே கணத்தில் அணைவதை, அறை விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தபோது கண்டேன். பிளக்கைப் பிடுங்கி, வடிகட்டிக் கெப்பாசிட்டர்களில் மின்னூட்டம் தீர்ந்ததை மீட்டரில் உறுதிசெய்துகொண்டு, 0ஏ2-க்குத் தொடராக உள்ள மின்தடையின் ஒரு முனையைக் கழற்றி அளந்தேன். 5,000 ஓம் இருக்கவேண்டிய கார்பன் மின்தடை, வயதாலும் நம் ஊர் ஈரப்பதத்தாலும் 8,200 ஓம் ஆகியிருந்தது. கீயை அழுத்தும்போது மின்வழங்கி 300 வோல்ட்டிலிருந்து 250-க்கு இறங்குகிறது. அப்போது இந்த மின்தடை வழியாக 12 மில்லிஆம்பியர்தான் பாயும். ஆசிலேட்டர் பகுதி 10 எடுத்துக்கொண்டால் 0ஏ2-க்கு எஞ்சுவது 2. அது ஒழுங்காக இயங்கக் குறைந்தது 5 வேண்டும். பழைய பொருள்கள் விற்ற சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலையில் மூடப்படாதிருந்தால் அங்கே போயிருப்பேன். மின்னணு பாகக் கடைகள் உள்ள சிம் லிம் டவரில் 10 வாட் மின்தடை ஒன்றை வாங்கிப் பற்றவைத்தேன். கீச்சொலி நின்றது.

அதிர்வெண் திடீரெனத் தாவுவதுதான் என்னை மூன்று வார இறுதிகள் அலைக்கழித்தது. ஆசிலேட்டர் 3.5 மெகாஹெர்ட்ஸில் இயங்கி, அது இரட்டிக்கப்பட்டே 7 மெகாஹெர்ட்ஸ் கிடைப்பதால், அங்கே 150 ஹெர்ட்ஸ் தாவினால் வெளியே 300 ஆகிறது. உணவங்காடியில் மீந்த மூங்கில் சாப்ஸ்டிக்கால் ஒவ்வொரு பாகத்தையும் மெல்லத் தட்டிக்கொண்டே வந்தேன். ஆசிலேட்டரின் 6ஏயு6 வால்வைத் தட்டியபோது அளவியின் எண்கள் அசையவில்லை, சுருளிலும் அப்படியே. அதிர்வெண்ணை மாற்றத் திருப்பும் மாறு கெப்பாசிட்டரின் அச்சைத் தொட்டதும் எண்கள் துள்ளின. சுழலும் தகடுகளைச் சட்டத்தோடு இணைக்கும் சிறிய வில்தகடு பச்சை பூத்து, தொட்டும் தொடாமலும் நின்றது. தொடர்பு சுத்திகரிப்பான் ஒரு துளியும் ஒரு காகித நறுக்கும் போதுமானவையாக இருந்தன.

மிஞ்சியது, முதல் அரைமணியில் மெல்ல 900 ஹெர்ட்ஸ் இறங்கும் நகர்வு. கெப்பாசிட்டன்ஸ் ஆயிரத்தில் ஒரு பங்கு கூடினாலே 7 மெகாஹெர்ட்ஸில் மூன்றரை கிலோஹெர்ட்ஸ் இறங்கிவிடும் என்பதால், இந்த வயதுக் கருவிக்கு இதைக் குறையென்று நான் சொல்லமாட்டேன். அரைமணி முன்கூட்டியே கருவியைப் போட்டு வைக்கிறேன். மின்விசிறிக் காற்று நேரே பட்டால் மட்டும் இன்னும் 40 ஹெர்ட்ஸ் ஆடுகிறது. இப்போதைக்குப் பிஸ்கட் பெட்டியின் அட்டை ஒன்றை மறைப்பாக நிறுத்தியிருக்கிறேன்.