ஊர்ல மழை பெஞ்சிருக்குன்னாரு

பிரேசில்ல, சாவோ பாவ்லோ ஆபீஸ்ல நடந்தது, மூணு வருஷம் ஆச்சு. டெஸ்டிங் டீம்ல ஒருத்தர், வடகிழக்குல பெர்னம்புக்கோ மாநிலத்தோட வறண்ட உள்பகுதிக்காரர், ஜூன் 24 சாவோ ஜோவாவோ பண்டிகைக்கு ஊருக்குப் போக ஒரு வாரம் லீவு கேட்டாரு. கேட்டுட்டு, "இந்த வருஷம் ஊர்ல மழை பெஞ்சிருக்கு"ன்னாரு. நான் லேப்டாப்ப விட்டு தலைய தூக்காம "நல்லது, ரிலீஸ் முடிஞ்சதும் போயிட்டு வாங்க"ன்னேன். சரின்னுட்டு போயிட்டாரு.

அவ்வளவுதான் பேச்சு. ஆனா அந்த மழைய நான் சும்மா பேச்சுக்குச் சொன்னதா எடுத்துக்கிட்டேன் பாருங்க, அதுதான் உறுத்துது.

அவங்க ஊர்ல மழைக்குக் காத்திருக்கறதப் பத்தி ஒரு பாட்டு இருக்கு, அது தெரியாதுன்னு சொல்லித் தப்பிக்க முடியாது. 'ஆசா ப்ராங்கா', அதாவது வெள்ளைச் சிறகு, 1947ல பாடகர் லூயிஸ் கொன்ஸாகா பாடினது, வடகிழக்கு ஆளுங்களுக்கு அது உசுரு. லீவு கேட்டவரே அத வேலைக்கு நடுவுல முணுமுணுப்பாரு, ஒருநாள் வரி வரியா அர்த்தமும் சொன்னாரு. சாவோ ஜோவாவோ அன்னிக்கு மூட்டுற தீ மாதிரி நிலம் எரியுது, தண்ணியில்லாம மாடு போச்சு, குதிரை செத்துச்சு, வெள்ளைச் சிறகுப் புறா கூட செர்தாவோங்கிற அந்த வறண்ட பூமிய விட்டுப் பறந்துருச்சு, அப்புறம்தான் பாட்டுல வர்றவன் காதலி ரோசின்யாகிட்ட சொல்லிட்டுக் கிளம்புறான். எங்கயோ தூரத்துல தனியா கிடந்து மழைக்காகக் காத்திருக்கான், உன் கண்ணோட பச்சை வயல்ல பரவும்போது வந்துருவேன், அழாதேன்னு வாக்கு குடுக்குறான். ஏக்கம்னாலே அங்க எல்லாரும் சௌதாதேன்னு ஒரு வார்த்தை சொல்லுவாங்க, இந்தப் பாட்டுல அந்த வார்த்தையே கிடையாது, மழை மட்டும்தான் இருக்கு.

அப்போ மழை பெஞ்சிருக்குன்னு ஒருத்தர் சொல்றாருன்னா, காத்திருந்தது வந்துருச்சு, இனி போகலாம்னுதானே அர்த்தம்? மழை பெஞ்ச வருஷம்னா மக்காச்சோளம் விளைஞ்சிருக்கும், பண்டிகையே அந்த அறுவடையோடதான். அவர் காத்திருந்த மழை வந்தப்புறம் நான் இன்னொரு மழைய வச்சேன், ரிலீஸ்னு.

என் பக்கமும் நியாயம் இருக்கு, ஏற்கனவே ரெண்டு பேர் லீவுல, க்ளையன்ட் குடுத்த தேதி, இவரும் போனா டெஸ்டிங்கே நின்னுரும். நானே ரெண்டு பொங்கலுக்கு ஊருக்குப் போகல. ஆனா நான் லீவே கேட்கல, அவர் கேட்டாரு, ரெண்டும் ஒண்ணா? அப்புறம் தோணுது, அவர் நிஜமாவே வானிலையத்தான் சொல்லியிருக்கலாம், நான்தான் பாட்ட அவர் தலைல ஏத்துறேனோன்னு. தெரியல.

1950ல கொன்ஸாகாவே புறா திரும்பி வர்ற பாட்டும் பாடியிருக்காரு, மழை வந்துருது, ஆறு ஓடுது. அதுலயும் வெள்ளாமை திட்டத்தைக் கெடுக்கலேன்னா வருஷக் கடைசில கல்யாணம்னுதான் சொல்றான்.

எங்க ரிலீஸ் தள்ளித் தள்ளி ஆகஸ்ட்டுல முடிஞ்சது. அன்னிக்கு அவர் லீவு கேட்கல, நானும் போயிட்டு வாங்கன்னு சொல்லல.