பிட்ஸ்பர்க்கிலிருந்து வாஷிங்டன் வரை மண் பாதையில்: டயர், சேறு, தண்ணீர்

பிட்ஸ்பர்க் என்றதும் நம்மவர்களுக்குப் பென் ஹில்ஸ் பெருமாள் கோயில்தான் நினைவுக்கு வரும். அந்த ஊரின் நடுவில், அலகேனியும் மொனோங்கஹேலாவும் கூடி ஓஹையோ ஆறாகிற முனையில், நீண்ட சைக்கிள் பாதை ஒன்று தொடங்குகிறது. வாஷிங்டனின் ஜார்ஜ்டவுன் வரை கிட்டத்தட்ட முழுக்கக் கார் வராத பாதை. முதல் 150 மைல் கிரேட் அலகேனி பாசேஜ். அது கம்பர்லேண்டில் முடிகிற இடத்திலேயே செசபீக் அண்ட் ஓஹையோ கால்வாயின் கரைப்பாதை தொடங்கி 184.5 மைல் போகிறது. முதலாவதைக் ‘கேப்’ என்றும் அடுத்ததைச் ‘சி அண்ட் ஓ’ என்றும்தான் எல்லோரும் சொல்வார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது, “ஏற்றம் எவ்வளவு?” என்று. கேட்க வேண்டியது, “மழை பெய்து எத்தனை நாளாச்சு?” என்று. இந்தப் பாதையில் காலை ஒடிப்பது மலை இல்லை, மண்.

ஏற்றக் கணக்கைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கேப் பெரும்பாலும் பழைய ரயில் தடத்தின் மேல் போட்ட பாதை. ரயிலுக்குச் செங்குத்து ஏறத் தெரியாது என்பதால் சரிவு மிக மெதுவானது. பிட்ஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து சுமார் 720 அடி. மழைத்தண்ணீர் அட்லாண்டிக் பக்கமும் மெக்சிகோ வளைகுடாப் பக்கமும் பிரிந்து ஓடுகிற கிழக்குக் கண்டப் பிரிகோட்டில் பாதையின் உச்சி 2,392 அடி. இந்த ஏற்றம் 126 மைலுக்குப் பரவிக் கிடப்பதால் ஏறுகிறோம் என்பதே தெரியாது. அதே உச்சியிலிருந்து கம்பர்லேண்டுக்கு 24 மைலில் 1,700 அடிக்கு மேல் இறக்கம். எதிர்த்திசையில் வந்தால் இது நூறு அடிக்கு ஒன்றரை, ஒன்றே முக்கால் அடி ஏற்றம், அதுவும் இடைவிடாமல் மூன்று மணி நேரம். அதனால்தான் பெரும்பாலானவர்கள் பிட்ஸ்பர்க்கிலிருந்து கிழக்கே போகிறார்கள். முதல் தடவை போகிறவர்களுக்கு நானும் அதையே சொல்வேன்.

சி அண்ட் ஓவுக்கு வரலாறே வேறு. 1828-இல் வெட்டத் தொடங்கி 1850-இல் கம்பர்லேண்டை எட்டிய கால்வாய். சரக்குப் படகுகளைக் கோவேறு கழுதைகள் கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்துப்போன தடம்தான் இன்றைய சைக்கிள் பாதை. 1924-இல் வெள்ளம் வந்து கால்வாயின் தொழில் முடிந்தது. 1971-இல் தேசிய வரலாற்றுப் பூங்கா ஆனது. படகுகளை ஏற்றி இறக்க 74 லாக்குகள், அதாவது தண்ணீர்மட்டத்தை உயர்த்தித் தாழ்த்தும் கதவுத் தொட்டிகள், கட்டினார்கள். மொத்தம் 605 அடி உயர வித்தியாசம். கிழக்கே போகிறவருக்கு 184.5 மைலும் கீழ்நோக்கித்தான். வரைபடத்தில் பார்த்தால் சும்மா உருண்டுபோகலாம் போலத் தோன்றும். அந்த நம்பிக்கையில் நாளொன்றுக்கு அறுபது, எழுபது மைல் என்று திட்டம் போட்டுவிட்டு, கம்பர்லேண்டிலிருந்து அறுபது மைலில் இருக்கும் ஹேன்காக் ஊர்ப் பக்கம் தவிக்கிறவர்கள் நிறைய.

காரணம் தரை. கேப்பில் சுண்ணாம்புக்கல் தூளை நன்றாக இறுக்கிப் போட்டிருக்கிறார்கள். அடியில் ரயில்வே போட்ட ஜல்லி இருப்பதால் மழைத்தண்ணீர் கீழே இறங்கிவிடும். மழை நின்று சில மணி நேரத்தில் பழையபடி ஓட்டலாம். சி அண்ட் ஓ ஒருபக்கம் வாய்க்கால், ஒருபக்கம் பொடோமாக் ஆறு, நடுவில் மண்கரை. சில பகுதிகளில் புதிதாகக் கல்தூள் போட்டுச் சரி செய்திருக்கிறார்கள். மற்ற இடங்களில் வண்டல்மண், வேர், இலைச்சருகு, பள்ளத்தில் தேங்கின தண்ணீர். மரநிழல் அடர்த்தியாக இருப்பதால் இரண்டு நாள் ஆனாலும் காயாது. பையோடு கேப்பில் மணிக்கு 12 மைல் போகிறவர், நனைந்த சி அண்ட் ஓவில் 8 மைல் போனால் நல்ல வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சேறு என்ன செய்யும் என்று பார்க்க வேண்டும். முதலில் டயரின் ஓரத்தில் மெல்லிய பூச்சாக ஒட்டும். அதன் மேல் சருகு ஒட்டும். சருகு நாரைப்போலச் சேற்றைக் கட்டிப் பிடிக்க, அடுத்த சுற்றில் இன்னொரு அடுக்கு. மட்கார்டுக்குள் போய் இறுகி, தாங்குகம்பி பிடிக்கிற இடத்தில் அடைத்துக்கொள்ளும். முதலில் “சர்ர்” என்று உரசும் சத்தம், பிறகு பிரேக் பிடித்தமாதிரி கனம், கடைசியில் சக்கரம் நின்றுவிடும். நிற்கிற சக்கரத்தை மிதித்து நகர்த்தப் பார்ப்பதுதான் பெரிய தவறு. செயினோடு வந்த குச்சி, கியர் மாற்றும் பின் டெரெய்லரில் சிக்கி, அதை ஃபிரேமோடு பிடித்திருக்கும் ஹேங்கரை முறித்துவிடும். ஹேங்கர் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரு வடிவம். வழியில் கடை கிடைத்தாலும் உங்கள் வண்டிக்கு உரியது அங்கே இருக்காது. ஆகவே ஒன்று வாங்கிப் பையின் அடியில் போட்டு வையுங்கள். உரசும் சத்தம் கேட்டதுமே இறங்கி, ஒரு குச்சியால் மட்கார்டைச் சுரண்டிவிடுங்கள். டயருக்கும் மட்கார்டுக்கும் இடையே சுற்றிலும் 12 மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும். அவ்வளவு இடம் இல்லாத வண்டியென்றால் முழு மட்கார்டைக் கழற்றிவிட்டு, சீட்டுக்கு அடியில் மாட்டும் குட்டை மட்கார்டு போட்டுக்கொள்வது மேல். முதுகு கொஞ்சம் நனையும், வண்டி ஓடும்.

டயர் 38-லிருந்து 45 மில்லிமீட்டர் அகலம். 32-இலும் முடித்தவர்கள் உண்டு, ஆனால் கடைசி மூன்று நாளும் கைகள் மரத்துப்போகும். நடுவில் வழவழப்பாகவும் ஓரத்தில் சின்ன முடிச்சுகளோடும் இருக்கிற வகை போதும். பெரிய முடிச்சு டயர் சேற்றை இன்னும் அதிகமாக அள்ளும். காற்றழுத்தத்துக்கு என் கணக்கு இது: 75 கிலோ ஆள், 12 கிலோ சாமான், 40 மில்லிமீட்டர் டியூப்லெஸ் டயர் என்றால் முன்னே 32, பின்னே 37 பி.எஸ்.ஐ. டியூப் போட்ட வண்டிக்கு இரண்டிலும் ஐந்து கூட்டுங்கள். இல்லையென்றால் வேரில் மோதும்போது ரிம் டியூபைக் கடித்து இரண்டு ஓட்டை விழும். பிட்ஸ்பர்க் பக்கத்துத் தார்ப்பாதைக்கு நாலைந்து பி.எஸ்.ஐ. கூடவே இருக்கலாம். கம்பர்லேண்டில் மறக்காமல் குறையுங்கள். டியூப்லெஸ் டயருக்குள் ஊற்றி ஓட்டையை அடைக்கும் சீலன்ட் ஒரு டயருக்கு 60-லிருந்து 90 மில்லி. போட்டு மூன்று மாதம் ஆகியிருந்தால் காய்ந்திருக்கும், வால்வு வழியாகக் கிளம்பும் முன்பே கொஞ்சம் ஊற்றிக்கொள்ளுங்கள்.

கேப்பின் சுண்ணாம்புத் தூள் உலர்ந்திருக்கும்போது மைதா மாவைப்போல எல்லாவற்றின் மேலும் படியும். செயினில் எண்ணெய் வழிய வழிய விட்டிருந்தால் அந்தத் தூளும் எண்ணெயும் சேர்ந்து உப்புத்தாள்போல் பல்லை அறுக்கும். மெழுகு வகைச் செயின் திரவம் நல்லது. தினமும் மாலையில் முதலில் துணியால் துடையுங்கள், பிறகு ஒரு கண்ணிக்கு ஒரு சொட்டு, ராத்திரி முழுக்க ஊறட்டும். துடைக்காமல் மேலே மேலே விடுவதில் பயனில்லை. டிஸ்க் பிரேக்கில் ரெசின் பேட் நனைந்த கல்தூளில் வெகு வேகமாகத் தேயும். பாதி தேய்ந்த பேடோடு கிளம்பாதீர்கள், ஒரு ஜோடி கூடுதலாகவும் வேண்டும். இவற்றோடு அறுந்த செயினை இணைக்க உங்கள் செயினுக்கு ஏற்ற குயிக் லிங்க் இரண்டு, டியூப் இரண்டு, டயர் ஓட்டையை அடைக்கப் பிளக், டயர் கிழிந்தால் உள்ளே வைக்க ஒரு ஒட்டு, பத்து ஜிப் டை. கியரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். முன்னே 40 பல், பின்னே 42 வரை இருந்தால் தாராளம்.

சுரங்கங்களுக்கு விளக்கு கட்டாயம். கேப்பின் பிக் சேவேஜ் சுரங்கம் 3,294 அடி. உள்ளே விளக்கு உண்டு. கோடையிலும் குளிரும், கூரையிலிருந்து சொட்டும். அதன் கதவுகளைக் குளிர்காலத்தில், ஏறத்தாழ டிசம்பரிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை, பூட்டிவிடுவார்கள். அப்போது போனால் மலைச்சாலையில் சுற்ற வேண்டும், அந்த ஏற்றம் ரயில் ஏற்றம் இல்லை. அதற்குக் கீழே இருக்கும் போர்டன் சுரங்கத்தில் விளக்கே கிடையாது. இறக்கத்தில் வேகமாக வந்து வெயிலிலிருந்து இருட்டுக்குள் நுழையும்போது கண் பழகச் சில நொடிகள் ஆகும். வாயிலிலேயே வேகத்தைக் குறையுங்கள்.

சி அண்ட் ஓவின் 155-ஆம் மைலில் பா பா சுரங்கம், 3,118 அடி. ஆற்றின் ஆறு மைல் வளைவுகளைத் தவிர்க்க மலையைக் குடைந்து, அறுபது லட்சத்துக்கு மேல் செங்கல் வைத்துக் கட்டியது. உள்ளே சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். தடம் குறுகல், ஒருபக்கம் சுவர், ஒருபக்கம் மரக் கைப்பிடி, அதற்குக் கீழே தண்ணீர். சக்கரத்தின் பக்கவாட்டில் தொங்கும் பன்னியர் பை சுவரில் உரசும். விளக்கை ஹேண்டிலில் மட்டும் கட்டாமல் தலையிலும் ஒன்று மாட்டிக்கொண்டால் பள்ளம் தெரியும். அந்த விளக்கைக் கைப்பிடி மேல் ஒருமுறை அடித்துப் பாருங்கள். படகுக் கயிறு உரசி உரசி விழுந்த தடங்கள் மரத்தில் விரல் நுழையும் அளவுக்கு இருக்கின்றன. நம்மூர்க் கிணற்றுக் கல்லில் தாம்புக்கயிறு அறுத்த தடம் பார்த்தவர்களுக்கு உடனே புரியும்.

ஆறு குறுக்கே வந்தால் கால்வாயையே பாலத்தின் மேல் கொண்டுபோயிருக்கிறார்கள். மாத்தூர்த் தொட்டிப்பாலம் மாதிரிதான், கட்டியது மட்டும் கல்லில். இப்படிப் பதினொன்று உண்டு. 42-ஆம் மைலில் மொனோகசி ஆற்றின் மேல் ஏழு வளைவுகளோடு 516 அடிக்கு நிற்பதுதான் பெரியது. மேலே கற்கள் ஈரத்தில் வழுக்கும், மெதுவாகப் போங்கள்.

தண்ணீர், சாப்பாடு. கேப்பில் பத்துப் பதினைந்து மைலுக்கு ஓர் ஊர் வரும். சி அண்ட் ஓவில் ஐந்தாறு மைலுக்கு ஓர் இலவச முகாம். கைப்பம்பு, கழிப்பறை, மேசை இருக்கும். முன்பதிவு கிடையாது, முதலில் வந்தவருக்கே இடம், ஒரு இடத்தில் ஒரு ராத்திரிதான். பம்புத் தண்ணீரில் அயோடின் கலந்திருப்பதால் ஒரு வாடை அடிக்கும், குடிக்கலாம். சில பம்புகள் வேலை செய்யாமல் இருக்கும், குளிர்காலத்தில் கைப்பிடியையே கழற்றிவிடுவார்கள். அதனால் எப்போதும் கையில் இரண்டு லிட்டர். கம்பர்லேண்டுக்கும் ஹேன்காக்குக்கும் இடையே அறுபது மைலுக்குக் கடைகள் மிகக் குறைவு, சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் குறைவு. இங்கே அவலும் புளிக்காய்ச்சலும்தான் கைகொடுக்கும். மெல்லிய அவல் நூறு கிராமைத் தண்ணீரில் கழுவிப் பிழிந்து ஐந்து நிமிடம் வைத்து, இரண்டு கரண்டி புளிக்காய்ச்சல் பிசைந்தால் அடுப்பே இல்லாமல் ஒரு வேளை ஆயிற்று. ஓட்டும்போது வாயில் போட்டுக்கொள்ளக் கடலைமிட்டாய். முகாம்களுக்குப் பக்கத்தில் சரக்கு ரயில் ராத்திரி முழுக்க ஓடும். காதடைப்பான் இல்லாமல் தூங்க முடியாது.

என் பரிந்துரை ஏழு நாள். முதல் நாள் கானல்ஸ்வில் வரை 61 மைல், சமதரை. இரண்டாம் நாள் ராக்வுட், 45 மைல். கான்ஃப்ளூயன்ஸ் வரை யாக்கியகேனி ஆற்றையும் பிறகு காசல்மன் ஆற்றையும் ஒட்டியே போகிற இந்த நாள்தான் முழுப் பயணத்திலும் அழகு. ஓஹையோபைலில் அருவி பார்க்க ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கான்ஃப்ளூயன்ஸில் சற்று விலகிப் போனால் அணையும் ஏரியும். மூன்றாம் நாள் உச்சியைத் தாண்டிக் கம்பர்லேண்ட், 44. பிறகு லிட்டில் ஆர்லியன்ஸ், வில்லியம்ஸ்போர்ட், பிரன்ஸ்விக் என்று நாளுக்கு 42-லிருந்து 45 மைல், கடைசி நாள் 55. மழை பெய்துவிட்டால் லிட்டில் ஆர்லியன்ஸிலிருந்து சேற்றை விட்டு, பக்கத்திலேயே போகும் வெஸ்டர்ன் மேரிலாண்ட் ரயில் தடத்துக்கு மாறிவிடுங்கள். 28 மைல் தார், பிக் பூல் வரை. கால்வாய்க் கரையை விட்டுவிட்டோமே என்று வருத்தம் வேண்டாம், செயினும் முதுகும் நன்றி சொல்லும்.

மே, ஜூன் முதல் பாதி, செப்டம்பர், அக்டோபர் நல்ல மாதங்கள். இலையுதிர் காலத்தில் கருப்பு வால்நட் காய்கள் பாதையெங்கும் விழுந்து கிடக்கும். சருகுக்கு அடியில் இருப்பது தெரியாது, முன்சக்கரத்துக்குக் கீழே உருண்டால் ஆளைச் சாய்க்கும். செப்டம்பரில் பா பா பழம் பழுக்கும், சுரங்கத்துக்குப் பேர் கொடுத்த பழம். சாப்பிடும் ஆசையில் புதருக்குள் போகிறவர்கள் மூன்று மூன்று இலையாகப் படரும் நச்சுக்கொடியைப் பார்த்துக் காலை வையுங்கள். ராத்திரி உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று முழங்காலுக்குப் பின்புறம் தடவிப் பாருங்கள்.

ஜார்ஜ்டவுனுக்குள் வந்ததும் பாதை குறுகி, நடப்பவர்கள் கூட்டம் சேர்ந்துவிடும். இறங்கித் தள்ளுவது நல்லது. பூஜ்ய மைல்கல் பெரிய தெருவில் இல்லை. ராக் கிரீக் ஓடை பொடோமாக்கில் விழுகிற இடத்தில், படகுக் கொட்டகைக்குப் பின்னால், பழைய கடைசி லாக்கின் ஓரத்தில் இருக்கிறது. பலகை பளிச்சென்று இருக்காது. கட்டடத்தைச் சுற்றித் தண்ணீர்ப் பக்கமாகப் போனால் கிடைக்கும்.